அந்த ஊர்ப் பனி, இந்த ஊர்ப் பனி

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்திலிருந்து டொரான்டோவுக்குக் குடிபோகிறவர்கள் கையோடு கொண்டுபோவது பனி என்ற ஒரே சொல்தான். மார்கழி விடியலில் வைக்கோல்போர் நுனியில் சொட்டுவதும் பனி, ஸ்கார்பரோ பால்கனியில் முழங்கால் உயரம் குவிந்து கிடப்பதும் பனி. பைனாகுலர், கேமரா, டெலஸ்கோப் என்று கண்ணாடிச் சாமான் வைத்திருப்பவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்தால் பணம் போகும். அங்கே கடுங்குளிரில் விழுவது காய்ந்த பனி, தட்டினால் உதிர்ந்துவிடும். டெல்டாவில் இறங்குவது ஈரப் பனி, உள்ளே புகுந்தால் பூசணமாகக் குடியேறும். கருவி வாங்குவது அங்கே, கெடுவது பெரும்பாலும் இங்கே, விடுமுறைக்கு வந்துபோகும் அந்த நாலு வாரத்தில். ஆகவே கடையில் நிற்கும்போதே கோடியக்கரையை மனதில் வைத்து வாங்க வேண்டும்.

புதிதாகப் போனவர்களுக்கு ஒரே ஒரு பைனாகுலர் போதும், அது 8x42. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன்லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலால் வகுத்தால் 5.25 மி.மீ. வரும். கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. அந்தி வெளிச்சத்துக்குத் தாராளம். 8x25 சட்டைப்பையில் அடங்கும், ஆனால் அதில் 3 மி.மீ.தான், சாயங்காலம் ஆனால் இருட்டடிக்கும். 12 மடங்கு, 16 மடங்கு என்று ஆசைப்பட்டால் பறவையோடு சேர்ந்து கைநடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் 'ஐ ரிலீஃப்' (கண்லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவே விடக்கூடிய தூரம்) 16 மி.மீ.க்குக் குறையாமல் பார்த்து வாங்க வேண்டும், கண்குவளையை முழுக்க உள்ளே இறக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். பெட்டியில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று இருப்பதோடு நைட்ரஜன் நிரப்பியது என்றும் எழுதியிருக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே ஈரம் படியாது. கனடாவில் மட்டும் புழங்குவதென்றால் இதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். டெல்டாவுக்கு வரப்போகிற கருவியில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பழையது வாங்குவதில் தப்பில்லை. இரண்டு சோதனை செய்யுங்கள். முன்லென்ஸ் வழியாகப் போன் டார்ச்சை அடித்து, கண் வைக்கும் பக்கமிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளை விட்டிருந்தால் அது ஃபங்கஸ், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்து, தூரத்துக் கூரை விளிம்பையோ மின்கம்பியையோ பார்த்துக்கொண்டே பைனாகுலரைக் கண்ணிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். இரண்டு வட்டத்திலும் கோடு ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். ஒன்றில் ஏறி ஒன்றில் இறங்கினால் உள்ளே பிரிசம் நகர்ந்திருக்கிறது. எங்கேயோ விழுந்த சாமான். அதில் அரை மணி நேரம் பார்த்தால் தலைவலி நிச்சயம்.

வாங்கியதும் ஒருமுறை சரிக்கட்டிவிட வேண்டும். வலதுகண் பக்கத்தை மூடிக்கொண்டு நடுச்சக்கரத்தால் இடதுகண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலதுகண்குழலில் உள்ள டயாப்டர் வளையத்தை மட்டும் திருப்புங்கள். நிற்கும் இடத்தில் சின்னதாய் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோர் கையிலும் போய்வரும் சாமான் இது, வளையம் நகராமல் இருக்காது.

முதல் குளிர்காலத்தில் வீட்டுச் சன்னல் வழியாகப் பார்க்கத்தான் தோன்றும். இரட்டைக் கண்ணாடிச் சன்னல் அது, அதன் வழியாக எந்த உயர்ந்த பைனாகுலரும் மங்கலாகத்தான் காட்டும். சன்னலைத் திறந்தாலும் அறைச்சூடு வெளியே பாயும் இடத்தில் உருவம் கானல்போல ஆடும். காரில் உட்கார்ந்து பார்ப்பதற்கும் இதே கதிதான். ஹீட்டரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி ஒரு பத்து நிமிஷம் விட்டுவிட்டுப் பாருங்கள். எதிர் அடுக்குமாடியை நோக்கி மட்டும் பைனாகுலரைத் தூக்கவே கூடாது. நம் ஊரில் படித்துறைப் பக்கம் திருப்பினால் என்ன பேர் வாங்குவோமோ அதே பேர்தான்.

ஜனவரியில் பறவையே இல்லாததுபோல் இருக்கும். ஒன்டாரியோ ஏரிக்கரைக்குப் போனால் நீண்டவால் வாத்துகள் கூட்டமாக மிதக்கும். மார்ச்சில் செஞ்சிறகுக் கரும்பறவை வந்து நாணல் உச்சியில் கத்தத் தொடங்கினால் குளிர் முறிகிறது என்று அர்த்தம். மே மாதம் பாயின்ட் பெலீ. ஈரி ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல்முனை அது. இரவெல்லாம் ஏரியைக் கடந்து வந்த சின்னஞ்சிறு பறவைகள் களைத்து இறங்கும். நிலத்தின் முனையில் வலசைப் பறவை கூடும் கணக்கு கோடியக்கரையைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லாமலே புரியும். விரால் அடிப்பானையும் தகைவிலானையும் அங்கே கோடையில் பார்க்கலாம், இங்கே குளிர்காலத்தில் பார்க்கலாம். இனம் ஒன்று, வழி வேறு. அங்கே பார்த்த தகைவிலான் தென் அமெரிக்காவுக்குப் போகும், நம் வயல்மேல் பறப்பது ஆசியாவின் வடக்கிலிருந்து வருவது.

மைனஸ் 15 டிகிரியில் கருவிக்கு முன்னால் கைதான் தோற்கும். மெல்லிய கையுறை ஒன்று உள்ளே, விரல்மூடியை மடக்கிக்கொள்ளும் தடித்த உறை மேலே. டிரைபாட் காலுக்குக் குழாய்க்குச் சுற்றும் ஃபோமைச் சுற்றிவிடுங்கள். கேமரா பேட்டரி வெளியே பாதி நேரத்தில் படுத்துவிடும். உதிரி பேட்டரியை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்து மாற்றிப் போட்டால், படுத்த பேட்டரியும் பைக்குள் சூடேறி மறுபடி கொஞ்சம் உழைக்கும். மூச்சுக்காற்று கண்லென்ஸில் பட்டால் அங்கேயே உறைந்துபோகும், மூக்குக்கு மேலே மப்ளரை ஏற்றிக் கட்டாதீர்கள், மூச்சு நேரே லென்ஸுக்குத்தான் ஏறும். வீட்டுக்குள் நுழைவதற்கு முன் வெளியிலேயே கருவியை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிவிட வேண்டும். உள்ளே வந்தபின் ஈரம் பையின்மேல் படியும், லென்ஸ்மேல் படியாது. இரண்டு மணி நேரம் பொறுத்துத் திறவுங்கள். மெமரி கார்டை எடுத்துவிட்டுப் பையில் போடுவது புத்திசாலித்தனம், இல்லையென்றால் படத்தைப் பார்க்கும் அவசரத்தில் பையைத் திறந்துவிடுவோம்.

இந்தப் பாடம் ஊருக்கு வந்ததும் தலைகீழாகும். அங்கே உள்ளே வரும்போது லென்ஸ் வேர்க்கும், இங்கே வெளியே போகும்போது வேர்க்கும். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் என்று ஏசி அறையைக் கொடுப்பார்கள், கேமராவும் ராத்திரி முழுக்க அந்தக் குளிரில் தூங்கும். காலை 5 மணிக்கு எடுத்துக்கொண்டு கிளம்பினால் வடுவூர் ஏரிக்கரையில் லென்ஸ் பால்போல வெளுத்து நிற்கும். துணியால் துடைத்தால் மறுபடி படியும், துடைக்கத் துடைக்கக் கீறலும் விழும். வேறு வைத்தியம் இல்லை. முந்தின ராத்திரியே பையை ரேழியிலோ மின்விசிறி மட்டும் ஓடும் கூடத்திலோ வைத்துவிட வேண்டும்.

எங்கே, எப்போது என்றால், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரி நிறைந்திருக்கும் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை. வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் 2022இல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தன, அரியலூர்ப் பக்கத்துக் கரைவெட்டி 2024இல். கோடியக்கரை 1967லிருந்தே சரணாலயம், 2002இல் ராம்சர் இடமானது. ஏரிகளில் நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், ஊசிவால் வாத்து எல்லாம் 8x42க்குள்ளேயே அடங்கும். இமயத்தைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துக்குக் கரைவெட்டி.

கோடியக்கரை வேறு கணக்கு. அங்கே பூநாரைகள் சதுப்பில் எட்டாத தூரத்தில் வெள்ளைக் கோடாக நிற்கும். பைனாகுலரில் கூட்டம் தெரியும், மூக்கின் கறுப்பு நுனி தெரியாது. 20-60 மடங்கு, 65 அல்லது 80 மி.மீ. ஸ்பாட்டிங் ஸ்கோப்பும் (பறவை பார்க்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி) கனமான டிரைபாடும் வேண்டும். கடற்காற்றில் இலேசான டிரைபாட் நடுங்கும். நடுக்கம்பை உயர்த்தாமல், அதன் கொக்கியில் பையைத் தொங்கவிடுங்கள், பை தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். வேதாரண்யத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், விடிவதற்குள் சேர்ந்துவிடலாம். 9 மணிக்கு மேல் உப்பளத்துக்கு மேலே கானல் எழும்பிவிடும். அதற்குப் பிறகு 60 மடங்கில் வைத்தால் கொதிக்கிற சாம்பார்தான் தெரியும், லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. 25 மடங்குக்கு இறங்குங்கள், அல்லது காட்டுப் பக்கம் வெளிமான் பார்க்கப் போங்கள்.

கனடாப் பழக்கம் இந்த உப்பளத்தில் ஒரு இடத்தில் உதவும். வெண்பனியைப் படமெடுத்தால் கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும், அதனால் வெளிச்ச ஈட்டை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) +1 வைத்துப் பழகியிருப்பீர்கள். வேதாரண்யத்து உப்புக்குவியலுக்கும் அதே +1தான். வயலுக்கு வந்ததும் மாற்றிவிட வேண்டும். கரும்பச்சைச் சம்பாப் பயிருக்கு நடுவே கொக்கு நின்றால் கேமரா பயிரைப் பார்த்துக் கணக்குப் போடும், கொக்கின் இறகு முழுக்க வெளுத்து வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடும். அதற்கு −0.7 அல்லது −1. பறக்கும் பறவைக்கு ஷட்டர் 1/2000, நடக்கும் பறவைக்கு 1/500 போதும்.

கடற்கரையிலிருந்து திரும்பியதும் லென்ஸில் உப்புத்துகளும் மணலும் இருக்கும். வேட்டி முனையோ முந்தானையோ அதன் பக்கமே வரக்கூடாது. முதலில் ரப்பர் ஊதியால் ஊதி, மெல்லிய தூரிகையால் தட்டி, பிறகுதான் லென்ஸ் திரவம் நனைத்த துணி. நைட்ரஜன் நிரப்பிய பைனாகுலராக இருந்தால் குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டு அலசுவதே நல்லது, உப்பு கரைந்து போய்விடும்.

பலரும் ஊரிலேயே ஒரு பைனாகுலரை விட்டுப் போவதுண்டு, அப்பா மாடியிலிருந்து பார்ப்பார் என்று. முதலில் ஃபங்கஸ் பிடிப்பது அதற்குத்தான். தோல் உறையில் போட்டு இரும்பு பீரோவில் வைத்து ஒரு ஐப்பசி, கார்த்திகை கழிந்தால் போதும். காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூசணம் முளைக்கும். டெல்டா மழைக்காலத்தில் அதற்குக் குறையும் நாளே அபூர்வம். ரப்பர் விளிம்பு வைத்த மூடியுள்ள, 10 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, ஈரம் உறிஞ்சும் ஆரஞ்சு சிலிக்கா ஜெல் மணிகள் 200 கிராம், சின்ன ஈரப்பத மானி ஒன்று. முள் 40க்கும் 50க்கும் நடுவே நிற்க வேண்டும். மணிகள் பச்சையானால் வாணலியில் சிறு தீயில் கிளறிக் கிளறி வறுத்தால் ஆரஞ்சுக்குத் திரும்பும். அந்த வாணலியில் அப்புறம் சமைக்கக்கூடாது என்பதை அம்மாவிடம் அழுத்திச் சொல்லிவிடுங்கள். அரிசியில் புதைப்பது வேண்டாம், மாவுத்தூள்தான் உள்ளே போகும். கனடாவில் வாங்கிய மின்சார டிரை கேபினட்டைக் (ஈரம் போக்கும் அலமாரி) கொண்டுவருவதானால் அடாப்டரில் 100-240 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். 120 மட்டும் என்றால் நம் 230இல் முதல் நிமிஷமே புகைந்துவிடும்.

வானம் பார்ப்பவர்களுக்கு ஊர் வருகை பெரிய வரம். டொரான்டோவில் துருவ நட்சத்திரம் 44 டிகிரி உயரத்தில் நிற்கும், சப்தரிஷி மண்டலம் மறைவதே இல்லை. தஞ்சாவூரில் துருவம் 11 டிகிரிகூட இல்லை, தென்னந்தோப்புக்குள் போய்விடும். அதற்குப் பதிலாகத் தெற்கு திறக்கிறது. அங்கே தொடுவானத்துக்கு மேலே வரவே வராத அகத்திய நட்சத்திரம் பொங்கல் சமயத்தில் இரவு 11 மணிவாக்கில் தெற்கே 26 டிகிரி உயரத்தில் நிற்கும். விடியற்காலை 5 மணிக்கு ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து 30 டிகிரி வரை ஏறியிருக்கும், 8x42இல் பஞ்சுத்துணுக்குபோலத் தெரியும். கோடியக்கரையில் தெற்கே கடல்தான், விளக்கு வெளிச்சம் குறுக்கே வராது.

டெலஸ்கோப் கொண்டுவருகிறவர்கள், அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்த்து வைக்கும் ஈக்வடோரியல் மவுண்டை அங்கேயே வைத்துவிட்டு வருவது நல்லது. 44 டிகிரியில் சொகுசாக நின்ற மவுண்டைப் 11க்கு இறக்கும்போது பல மாடல்கள் 15, 20 டிகிரியிலேயே முட்டிக்கொள்ளும், எதிர்எடைத் தண்டு டிரைபாட் காலில் இடிக்கும். தெற்குக் கால்களுக்குக் கட்டை கொடுத்து வடக்கே சாய்க்கலாம். 9 டிகிரி சாய்க்க, கால்களுக்கு நடுவே 70 செ.மீ. இடைவெளி என்றால் 11 செ.மீ. கட்டை வேண்டும். ஆனால் இருட்டில் யாராவது தட்டிவிட்டால் மொத்தமும் வடக்கே சாயும். மேலும் கீழும் பக்கவாட்டிலும் மட்டும் திரும்பும் ஆல்ட்-அஸிமத் மவுண்ட்தான் இங்கே சுகம்.

அங்கே வெளியில் வைத்து ஒரு மணி நேரமாவது குளிரவிடும் டெலஸ்கோப் இங்கே இருபது நிமிஷத்தில் தயார். ஆனால் 10 மணிக்குள் முன்லென்ஸ் நனைந்துவிடும். லென்ஸ் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு நீளத்துக்கு யோகா பாயை வெட்டிக் குழலாகச் சுற்றுங்கள். மார்கழியில் அதுவும் போதாது. 330 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் 12 வாங்கிப் பேரலலாக இணைத்து, நாடாவில் தைத்து, லென்ஸ் இருக்கும் வளையத்தைச் சுற்றிக் கட்டுங்கள், அந்த இளஞ்சூட்டில் ஈரம் படியாது. 80 மி.மீ. டெலஸ்கோப்பில் வளையச் சுற்றளவு 31 செ.மீ. போல வரும், 2.5 செ.மீ.க்கு ஒன்று. 12 வோல்ட்டில் மொத்தம் 5 வாட்டுக்குச் சற்று மேல், 0.44 ஆம்பியர் இழுக்கும். 7 ஆம்பியர்-மணி யுபிஎஸ் பேட்டரியில் பாதியை மட்டும் செலவழித்தாலே 8 மணி நேரம் ஓடும். பனி படிந்த பிறகு போட்டால் காய அரை மணி ஆகும், மூடியைக் கழற்றும்போதே சுவிட்சைப் போட்டுவிடுங்கள்.

திரும்பும்போது லித்தியம் பேட்டரி எல்லாம் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் போடக்கூடாது. டொரான்டோ வீட்டுக்குப் போனதும் மூடி, உறை எல்லாவற்றையும் கழற்றி ஒரு வாரம் அலமாரியில் திறந்தே வையுங்கள். ஹீட்டர் ஓடும் ஜனவரி வீட்டில் ஈரப்பதம் 30 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். நம் தோல் வெடிக்கிற அதே காற்று, டெல்டாவிலிருந்து வந்த ஈரத்தை லென்ஸ் சந்துகளிலிருந்து இழுத்துவிடும். உறையை மட்டும் தனியாகக் காயப்போடுங்கள், அதன் மடிப்புக்குள் கோடியக்கரை மணல் இன்னும் கொஞ்சம் இருக்கும்.