பின்கட்டில் வைஃபை இல்லை

ஜூன் 14, 2025, சனி

அண்ணன் மகள் காலேஜில் சேர்ந்திருக்கிறாள். அவளுக்காக அண்ணன் வாங்கிய பழைய லேப்டாப்பில் போன ஞாயிறு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22.1 போட்டுக் கொடுத்தேன். விண்டோஸ் 10-க்கு வருகிற அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிகிறது. அந்த லேப்டாப்பில் 11 ஏறாது. மதுரை சிம்மக்கல்லில் என் கடை மேசையில் வைத்துப் போட்டபோது ஒரு குறையும் தெரியவில்லை. வைஃபை தானாகப் பிடித்தது, அப்டேட் இறங்கியது, தமிழ் எழுத்துரு நன்றாக வந்தது. பெருமையோடு சோழவந்தானுக்கு அனுப்பிவைத்தேன்.

இன்று போன். "அத்தை, வைஃபை இங்கிட்டு வந்தா இருக்கு, அங்கிட்டுப் போனா இல்ல."

அது தாத்தா காலத்து வீடு. ஒன்றரை அடிச் சுவர், சுண்ணாம்புக் காரை. ரூட்டர் முன்கட்டில், அவள் படிப்பது பின்கட்டில். சுவர்தான் காரணம் என்றேன்.

"இதே கட்டில்ல உக்காந்து போன் பாத்தா மூணு கோடு காட்டுதே அத்தை."

போனுக்கும் லேப்டாப்புக்கும் சுவர் ஒன்றுதானே. சொல்ல ஒன்றும் இல்லாமல், "அப்ப டிரைவர் பிரச்சினையா இருக்கும், நாளைக்கு வர்றேன்" என்று வைத்துவிட்டேன். நம் ஊரில் நெஞ்சு வலித்தாலும் முதுகு வலித்தாலும் வாய்வு என்பார்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு டிரைவர் (கருவியை ஓட்டும் மென்பொருள்) பிரச்சினை அந்த மாதிரி.

ஜூன் 15, ஞாயிறு

காலை பஸ்ஸில் சோழவந்தான். அண்ணன் வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போயிருந்தார். மதினி காபி கொடுத்து முடிப்பதற்குள் லேப்டாப்பைத் திறந்துவிட்டேன்.

(கட்டளைகளை இங்கே தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.)

முதலில் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்'. வைஃபையை ஏதாவது பொத்தானோ மென்பொருளோ அடைத்து வைத்திருக்கிறதா என்று அது சொல்லும். அடைப்பு இல்லை. அடுத்தது 'எல்எஸ்பிசிஐ -என்என்கே'. இதைத்தான் நேற்று போனிலேயே அவளைப் போடச் சொல்லியிருக்க வேண்டும். லேப்டாப்பின் மேல் என்ன பெயர் ஒட்டியிருந்தாலும், உள்ளே இருக்கும் வைஃபை அட்டைக்கு நான்கு இலக்கமும் நான்கு இலக்கமுமாக ஓர் எண் உண்டு. முதல் பாதி யார் செய்தது, இரண்டாம் பாதி எந்தச் சிப். இங்கே 10இசி:பி723 என்று வந்தது. அதாவது ரியல்டெக் கம்பெனியின் ஆர்டிஎல் 8723பிஇ. கீழேயே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரியில் ஆர்டிஎல்8723பிஇ என்றும் இருந்தது. டிரைவர் இருக்கிறது, ஏறியும் இருக்கிறது. டிரைவரே இல்லாவிட்டால் அந்த வரி வராது. டிரைவர் இருந்து, அட்டைக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு இல்லாவிட்டால் 'டிஎம்இஎஸ்ஜி' போட்டதும் ஏற்ற முடியவில்லை என்று புலம்பும். இரண்டும் இல்லை.

சரி, அளந்து பார்க்கலாம் என்று 'ஐடபிள்யூ' கட்டளையில் சிக்னல் அளவைப் பார்த்தேன். ரூட்டரை ஒட்டி வைத்தால் மைனஸ் 52 டிபிஎம் (பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் வலுவாக இருக்கிறது என்று பொருள்). நடையைத் தாண்டி உள்ளே வந்தால் மைனஸ் 84. பின்கட்டில் பட்டியலில் பெயரே இல்லை. நடையில் அதே இடத்தில் போன் காட்டியது மைனஸ் 58. இந்தக் கணக்கில் 3 குறைந்தால் சக்தி பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒன்று. 26 வித்தியாசம் என்றால் போனுக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ நானூறில் ஒரு பங்குதான் லேப்டாப்புக்குக் கிடைக்கிறது. சுவர் மேல் பழி போட்டது தப்பு.

அண்ணன் மதியம் வந்து எட்டிப் பார்த்தார். "இலையில புள்ளி விழுந்தா மருந்து அடிப்போம். இதுக்கு அடிக்க ஒண்ணும் இல்லையாத்தா?"

சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பைக் கையோடு மதுரைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

கடையில் ரூட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எந்த நோயும் தெரியாது. அதனால் இன்று முழுக்க லேப்டாப்பைத் திறந்தபடி ஏந்திக்கொண்டு எதிர் டீக்கடை வரை நடந்து நடந்து வந்தேன். டீ மாஸ்டர் மூன்றாம் நடையில் கேட்டேவிட்டார், "என்னக்கா, டவர் தேடுறீங்களா?" டீக்கடை பெஞ்சில் போனுக்கு மைனஸ் 64 வருகிறது. லேப்டாப்புக்குக் கடை வாசற்படியிலேயே மூச்சு நின்றுவிடுகிறது.

இந்தச் சிப்புக்கு எல்லோரும் சொல்லும் முதல் வைத்தியம் மின்சேமிப்பை அணைப்பது. நெட்வொர்க் மேனேஜர் அமைப்பில் பவர்சேவ் மதிப்பை 2 ஆக்கினேன். டிரைவருக்கு 'எஃப்டபிள்யூஎல்பிஎஸ்=0', 'ஐபிஎஸ்=0' என்று இரண்டு விருப்பங்களைக் கொடுத்து இறக்கி ஏற்றினேன். நடுநடுவே அறுபட்டுப்போவது நின்றது. எண் அப்படியே. மின்சேமிப்பை அணைப்பது அசந்து தூங்குபவனை எழுப்பும். காது கேட்காதவனை என்ன செய்யும்?

ஜூன் 18, புதன்

வேலை ஓடவில்லை. ஒரு வக்கீல் குமாஸ்தா தன் லேப்டாப்போடு வந்துவிட்டார். "அக்கா, நேத்து ராத்திரி அப்டேட் போட்டேன். காலையில வைஃபைங்கிற பேச்சே இல்ல."

இது உண்மையாகவே டிரைவர் பிரச்சினை. எண் 14இ4:4365, பிராட்காம் கம்பெனியின் பிசிஎம் 43142. இதற்குக் கெர்னலுக்குள், அதாவது லினக்ஸின் மையப் பகுதிக்குள், டிரைவர் கிடையாது. 'டபிள்யூஎல்' என்ற வெளி டிரைவரைத்தான் போட வேண்டும். ஒவ்வொரு முறை கெர்னல் மாறும்போதும் அதைப் புதிதாகத் தொகுக்க (கம்பைல் செய்ய) வேண்டும். அந்த வேலையைத் தானாகச் செய்வது டிகேஎம்எஸ். அதற்குப் புதுக் கெர்னலின் ஹெட்டர் கோப்புகள் (தொகுக்கத் தேவையான விவரக் கோப்புகள்) வேண்டும். இவர் இடம் அடைக்கிறது என்று ஹெட்டர் பொட்டலங்களை எல்லாம் நீக்கி வைத்திருந்தார்.

ஹெட்டரை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு வைஃபை வேண்டும். இந்த இடத்தில் பலர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி வயரில் மாட்டி டெதரிங் போட்டால் போதும். லினக்ஸ் அதை ஒரு வயர் நெட்வொர்க்காகவே எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் தேவையில்லை. போன் தன் வைஃபையில் இருந்தால் அதையே வாங்கிக் கொடுக்கும், டேட்டா கூடச் செலவாகாது.

ஹெட்டர் இறங்கியது, டிரைவர் தொகுத்தது, ஏற்றப் போனால் 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்'. பயாஸில் செக்யூர் பூட் போட்டிருந்தது. தனக்கு நம்பிக்கையான கையெழுத்து இல்லாத டிரைவரை அது உள்ளே விடாது. டிகேஎம்எஸ் தன் சாவியால் கையெழுத்துப் போட்டுவிட்டது, அந்தச் சாவியை லேப்டாப்பிடம் ஒருமுறை அறிமுகம் செய்து வைக்க வேண்டும். அதற்கான நீலத் திரை மறு தொடக்கத்தில் ஒரே ஒரு தடவை வந்து பத்து நொடி காத்திருக்கும். அந்தப் பத்து நொடியில்தான் ஒருவர் ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு காப்பி கேட்டார். திரும்பினால் திரை போய்விட்டது. மறுபடி சாவியைப் பதியக் கொடுத்து, மறுபடி தொடங்கி, இந்த முறை யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். வேலை செய்தது.

ஜூன் 19, வியாழன்

மருமகள் போனில், "பேசாம ஒரு டாங்கிள் வாங்கிக் குடுத்துருங்க அத்தை" என்றாள். யுஎஸ்பியில் மாட்டும் வைஃபை டாங்கிள் ஒன்றை டவுன்ஹால் ரோட்டில் வாங்கினேன். பெட்டியில் லினக்ஸுக்கும் ஆகும் என்று போட்டிருந்தது. என்ன சிப் என்று பெட்டியிலும் இல்லை, கடைக்காரருக்கும் தெரியவில்லை. ஒரே பெயரில் ஒரே டப்பாவில் உள்ளே வேறு வேறு சிப் வரும் காலம் இது.

மாட்டி 'எல்எஸ்யுஎஸ்பி' போட்டால் 0பிடிஏ:1ஏ2பி, டிஸ்க் என்கிறது. வைஃபை கேட்டால் சிடி என்று சொல்கிறது! விண்டோஸ்காரருக்காக டிரைவரை ஒரு பொய்ச் சிடியாக டாங்கிளுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். அந்தச் சிடியை வெளியே தள்ளினால்தான் உள்ளிருக்கும் வைஃபை முகம் காட்டும். கோப்பு மேலாளரில் இஜெக்ட் அழுத்தினேன். எண் 0பிடிஏ:சி811 என்று மாறியது. அதாவது 8811சியு என்ற சிப். 6.2 கெர்னலில் இருந்து இந்த வகைக்குக் கெர்னலுக்குள்ளேயே டிரைவர் உண்டு, மின்ட் 22.1-இல் இருப்பது 6.8. உடனே பிடித்தது. டீக்கடை வரை தாராளமாகப் போனது.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் அட்டை ஏன் செவிடாக இருக்கிறது என்பது தெரியாமல் தூக்கம் வராது. ராத்திரி கடையைச் சாத்தியபின் லேப்டாப்பின் அடி மூடியைக் கழற்றினேன்.

வைஃபை அட்டையில் ஆன்டெனா வயர் மாட்ட இரண்டு குமிழ்கள். மாட்டியிருந்தது ஒரே ஒரு வயர். மற்றொன்று மொட்டையாக நின்றது. செய்த கம்பெனி சிக்கனம் பார்த்திருக்கிறது. அதுகூடக் குற்றம் இல்லை, இது ஒரே ஆன்டெனாவில் ஓடக்கூடிய சிப்தான். எந்தக் குமிழில் வயர் என்று சிப்பின் உள்நினைவில் எழுதி வைக்கிறார்களே, அங்கே தப்பாக எழுதியிருந்தால்? டிரைவர் அதை நம்பி மொட்டைக் குமிழில் காதை வைத்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் ரூட்டர் இருந்தால் அந்த மொட்டைக் குமிழே கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். என் கடை மேசையில் குறை தெரியாததும் அதனால்தான்.

ஜூன் 20, வெள்ளி

இந்த டிரைவருக்கு 'ஆன்ட்_செல்' என்று ஒரு விருப்பம் உண்டு. ஆன்டெனா செலக்ட். 0 என்றால் சிப் சொல்வதைக் கேள், 1 அல்லது 2 என்றால் நான் சொல்வதைக் கேள். 'இடிசி' அடைவில் 'மோட்ப்ரோப்.டி'க்குள் ஒரு கோப்பு உண்டாக்கி ஒரே வரி எழுதினேன்: 'ஆப்ஷன்ஸ் ஆர்டிஎல்8723பிஇ ஆன்ட்_செல்=2'. மறு தொடக்கம். மாற்றமில்லை. 1 போட்டேன். மாற்றமில்லை. மதியம் வரை என் ஊகமே தப்பு என்று நினைத்து, வயரை மொட்டைக் குமிழுக்கு மாற்றிவிடலாமா என்று திருப்புளியை எடுத்துவிட்டேன். அந்தக் குமிழ்கள் அடிக்கடி கழற்றி மாட்டினால் தளர்ந்துவிடும், அதனால் கை வரவில்லை.

அப்புறம்தான் புத்தி வந்தது. நான் சொன்னதை டிரைவர் கேட்டதா என்று அதனிடமே கேட்கலாமே. 'சிஸ்' அடைவில் மாட்யூல், ஆர்டிஎல்8723பிஇ, பாராமீட்டர்ஸ், ஆன்ட்_செல் என்று இறங்கிப் பார்த்தேன். 0. காலையிலிருந்து 0. கோப்பின் பெயர் முடிவில் '.கான்ஃப்' போட மறந்திருக்கிறேன். அந்த வால் இல்லாத கோப்பை மோட்ப்ரோப் திறந்துகூடப் பார்க்காது, பிழை என்றும் சொல்லாது. இருபது வருடமாகக் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்துகிறேன், ஒரு வாலுக்கு அரை நாள்.

பெயரைத் திருத்தி, டிரைவரை 'மோட்ப்ரோப் -ஆர்' போட்டு இறக்கி, மறுபடி ஏற்றினேன். 1-இல் பழைய கதைதான். 2-இல் வாசற்படியில் மைனஸ் 56. டீக்கடை பெஞ்சில் மைனஸ் 67. மாஸ்டர், "டவர் கெடச்சிருச்சா?" என்றார். கிடைத்தது என்று ஒரு டீ சொன்னேன்.

ஜூன் 21, சனி

இந்தச் சிப்பின் டிரைவரைக் கெர்னலுக்குள் பல வருடம் கவனித்துக்கொண்டவர் லாரி ஃபிங்கர் என்ற அமெரிக்கர். ஆன்ட்_செல் விருப்பத்தைச் சேர்த்தவரும் அவர்தான். போன வருடம் இதே ஜூன் 21-இல் 84 வயதில் காலமானார். தொழிலால் கணினிக்காரர் இல்லை, கனிமங்களின் படிக அமைப்பை ஆராய்ந்தவர். ஃபிங்கரைட் என்று ஒரு தாதுவுக்கே அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். ஓய்வுக் காலத்தில் உட்கார்ந்து, பல பழைய லேப்டாப்புகளில் வைஃபை பிடிக்க வழி செய்திருக்கிறார். நேற்று என் திருப்புளியைத் தடுத்தது அவர் எழுதிய அந்த விருப்பம்தான்.

ஜூன் 22, ஞாயிறு

லேப்டாப்போடு சோழவந்தான். டாங்கிளும் கையில், பெட்டி பிரித்ததை யாரும் திருப்பி வாங்க மாட்டார்கள்.

பின்கட்டில் அவள் கட்டிலிலேயே வைத்துப் பார்த்தோம். மைனஸ் 63. வகுப்பு வீடியோ நிற்காமல் ஓடியது. விண்டோஸில் நன்றாகத்தானே இருந்தது என்று கேட்டாள். அந்த லேப்டாப்புக்கென்றே வந்த டிரைவர் ஏதோ ஒரு வழியில் சமாளித்திருக்கும் என்றேன். கோப்பு எங்கே இருக்கிறது, பெயரில் வால் ஏன் வேண்டும் என்று காட்டினேன். நோட்டில் எழுதிக்கொண்டாள். எல்எஸ்பிசிஐ போட்டு வந்த எண்ணையும் முதல் பக்கத்தில் எழுதச் சொன்னேன்.

அண்ணன் இரண்டு கவுளி வெற்றிலையை ஈரத் துணியில் சுற்றி என் பையில் வைத்தார். மருந்து அடித்தாயா என்று கேட்டார். ஒரே ஒரு வரி என்றேன். ஒரு வரிக்கு ஒரு வாரமா என்று மதினி சிரித்தார்.

நாலரை மணிக்குக் கரண்ட் போனது. ஃபேன் நின்றது, முன்கட்டில் ரூட்டரும் அணைந்தது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது, வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே நின்றது.

"டிரைவர் பிரச்சினையா அத்தை?" என்றாள் அந்தக் கழுதை.