ஜவ்வாது மலையில் கன்று தேடும் வேலை

பிப்ரவரி 22

அமிர்திக்கு மேலே காப்புக்காட்டில் இலை முழுக்க உதிர்ந்துவிட்டது. வேலூரில் இருந்து யாராவது இந்த மாதத்தில் வந்து பார்த்தால் காடு காய்ந்துபோய்விட்டது என்று வருத்தப்படுவார்கள். காயவில்லை. தண்ணீர் கிடைக்காத மாதங்களில் இலை இருந்தால் அதன் வழியாக ஈரம் போய்க்கொண்டே இருக்கும், அதனால் மரமே கொட்டிவிடுகிறது. இதைப் பொட்டல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

மரங்களுக்கு எண் போட்டுத் தொடர்ந்து கவனிக்க முன்பே குறித்து வைத்த சதுர நிலத்துண்டுகளை மறுபடி அளக்கிறோம். தரையில் இருந்து 1.3 மீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்றி, சுற்றளவைப் படித்து, அலுமினியத் தகட்டில் இருக்கும் எண்ணோடு சேர்த்து எழுத வேண்டும். பெரிய மரம் சுலபம். நான் தேடுவது முழங்கால் உயரக் கன்றுகளை. உசிலிலும் வெப்பாலையிலும் எல்லா வயதும் இருக்கிறது. வேங்கையும் கடுக்காயும் அப்படி இல்லை: தாய்மரம் நிற்கிறது, சுற்றிலும் அதன் கன்றைக் காணோம். மேலே இருந்து எடுக்கும் செயற்கைக்கோள் படத்தில் மழைக்காலத்தில் இந்தச் சரிவு நல்ல பச்சையாகத்தான் தெரியும். கீழே அடுத்த தலைமுறை இல்லை என்பது குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது.

மார்ச் 9

ராத்திரி மேற்குச் சரிவில் தீ. வனத்துறைக் காவலர்களும் ஊர்க்காரர்களும் பச்சைத் தழையை ஒடித்து அடித்தே அணைத்தார்கள். காலையில் போனோம். உண்ணிச்செடி புதராக மண்டிய இடங்களில் தீ கிளைவரை ஏறியிருக்கிறது; சருகு மட்டும் இருந்த இடத்தில் தரையோடு போய்விட்டது. தென்னமெரிக்கப் பக்கத்துச் செடி அது, வெள்ளைக்காரர் காலத்தில் தோட்டத்து அழகுக்குக் கொண்டுவந்தது. பழத்தைப் பறவைகள் தின்று விதையை எங்கும் போட்டுவிட்டன.

தடித்த பட்டை உள்ள மரங்களுக்குப் பெரிய சேதம் இல்லை. கன்றுகள் கரிக்குச்சியாக நிற்கின்றன. ஒன்றை 'செத்தது' என்று எழுதப் போகும்போது கூட வரும் மலை ஊர் அண்ணன் தடுத்தார். "மேடம், அப்படி எழுதாதீங்க. மேல கருகிடும், வேரு உசுரோட இருக்கும்." அதனால் எல்லாக் கன்றுக்கும் 'மேல்தண்டு இல்லை' என்றே குறித்தோம். தகட்டைக் கழற்றவில்லை.

ஏப்ரல் 3

வேலூர்க் கல்லூரியில் தாவரவியல் படிக்கும் ஒரு பெண் போன் செய்தாள். "அக்கா, காட்டு வேலைக்கு வரணும்னா என்ன படிக்கணும்?" கேட்டதே சந்தோஷம், ஒரு மணி நேரம் பேசினோம்.

மயிலாடுதுறை மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் முதுகலை இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் வனக்கல்லூரி, டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனம். அதெல்லாம் விசாரித்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் வீட்டைச் சுற்றி இருக்கும் ஐம்பது செடிகளை இலை, பட்டை, வாசனை வைத்து அடையாளம் சொல்லப் பழகு என்றேன். அப்புறம் புள்ளியியல். அதைக் கண்டு ஓடாதே, நாளில் பாதி அதில்தான் போகும்.

சம்பளத்தையும் மறைக்கவில்லை. தேசியத் தகுதித் தேர்வில் (நெட்) ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் இப்போது மாதம் 37,000 ரூபாய். மற்றபடி ப்ராஜெக்ட் வேலைதான், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை முடிந்துபோகும். எனக்கு இந்தத் துறையில் மனம் ஆறாத விஷயம் இதுதான். வேங்கைக் கன்று பல வருஷம் மேலே கருகிக் கருகித் தழைத்து, வேர் தடித்த பிறகுதான் ஒருவழியாக உயரும். மூன்று வருஷ ப்ராஜெக்ட்டில் அதன் கதையில் எந்தப் பக்கத்தைப் படிக்க முடியும்? முதுமலையில் 1988இல் 50 ஹெக்டேர் ஆய்வு நிலம் ஒன்றை இந்திய அறிவியல் கழகத்தினர் அமைத்தார்கள். 1 சென்டிமீட்டர் விட்டம் இருந்தாலே அந்தத் தண்டுக்கு ஓர் எண். தீக்கும் வறட்சிக்கும் அப்புறம் எது பிழைக்கிறது என்று இன்றைக்கு நாம் பேசுவதற்கே அப்படிப்பட்ட இடங்கள்தான் ஆதாரம். ஜவ்வாது மலை இருக்கும் கிழக்கு மலைத்தொடருக்கும் அந்தப் பொறுமை வேண்டும்.

மே 17

ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு ஆயா வீட்டில் சாமைச் சோறு. சந்தனத்தைப் பற்றிக் கேட்டேன். "அப்பல்லாம் கொல்லையில சந்தனக் கன்னு மொளைச்சா ராவோட ராவா புடுங்கிப் போட்டுடுவோம் கண்ணு. வளந்தா நமக்குத்தான் வம்பு." பட்டா நிலத்தில் முளைத்தாலும் மரம் அரசாங்கத்துடையது என்று இருந்த காலம். 2002இல் சட்டம் மாறி நிலத்துக்காரருக்கே உரிமை வந்தது. ஆனால் அதற்குள் எத்தனை கன்றுகள் போயிருக்கும்.

சந்தனம் தனியாக வாழாது. தன் வேரைப் பக்கத்து மரத்தின் வேரில் பொருத்தி உறிஞ்சும். நாற்றங்காலில்கூடக் கூடவே துவரையை வைப்பார்கள். பழத்தைக் குயிலும் கொண்டைக்குருவியும் தின்று வேறு மரத்தடியில் விதையைப் போடும். ஆக, துணைமரமும் வேண்டும், பறவையும் வேண்டும், பிடுங்காத கையும் வேண்டும்.

ஜூலை 20

நல்ல மழை. மார்ச்சில் எரிந்த சதுரத்துக்குப் போனோம். கருகிய குச்சிகளின் அடியில் வேங்கைத் துளிர்! எல்லாவற்றிலும் இல்லை, ஆனால் நிறைய. அண்ணன் ஒவ்வொரு தகடாகத் தடவி எண்ணைப் படித்தார், நான் எழுதினேன். அன்றைக்கே 'செத்தது' என்று போட்டிருந்தால் இந்த வருஷக் கணக்கே பொய்யாகியிருக்கும்.

டிசம்பர் 6

நெல்லி பழுக்கிறது. ஒரு பாறை ஓரத்தில் கழுவி வைத்த மாதிரி சுத்தமான நெல்லிக்கொட்டைகள் குவியலாகக் கிடந்தன. புள்ளிமான் பழத்தை முழுசாக விழுங்கி, வேறு இடத்தில் படுத்து அசைபோடும்போது கொட்டையைத் துப்பிவிடும். கடுக்காயையும் மான்கள் தின்று பரப்பும். ஒரு காலத்தில் தோல் பதனிட மலையில் இருந்து மூட்டை மூட்டையாகப் போன காய், இன்றும் மருந்துக்குப் பொறுக்குகிறார்கள். ஒரு பங்கு மரத்தடியில் விடுங்கள் என்று ஊர்க் கூட்டத்தில் கேட்டேன். பொறுக்கித்தான் பிழைக்கிறோம் என்றார்கள், அதுவும் நியாயம். கடைசியில் ஓடையோரத்து மரங்களை மட்டும் தொடாமல் விடலாம் என்று அவர்களே சொன்னார்கள்.

டிசம்பர் 28

ப்ராஜெக்ட் மார்ச்சில் முடிகிறது. நீட்டிப்பு இன்னும் உறுதியில்லை. அதனால் சதுரங்களின் மூலைக்கல் இருக்கும் இடம், ஜிபிஎஸ் அளவு, தகடு எண், மரத்தின் தமிழ்ப் பெயர் எல்லாவற்றையும் ஒரே நோட்டில் தமிழில் எழுதி முடித்தேன். ஒரு பிரதி வனச்சரக அலுவலகத்துக்கு, ஒன்று அந்தப் பெண்ணின் கல்லூரிக்கு, ஒன்று அண்ணன் வீட்டுக்கு. பிப்ரவரி அளவெடுப்புக்கு அவளும் வகுப்புத் தோழிகள் இரண்டு பேரும் வருகிறார்கள். டேப் பிடிக்க அண்ணனே சொல்லித்தருவார்.