பாஞ்சோ வாசித்த பேராசிரியர்

இசையை ஆராய்பவர்கள் பெரும்பாலும் மேடைக்குக் கீழே ரெக்கார்டரோடு நிற்பவர்கள்தான். நீல் ரோசன்பர்க் அந்த ரகமில்லை. இந்தியானா பல்கலைக்கழகத்தில் நாட்டார் வழக்காற்றியல் படித்த காலத்திலேயே, அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பீன் பிளாசம் என்ற சின்ன ஊரில், புளூகிராஸ் என்ற அமெரிக்க இசைவகையின் தந்தை எனப்படும் பில் மன்றோவுக்கு இருந்த கச்சேரிக் கொட்டகைக்குப் போய்வந்து, அந்த மன்றோவோடேயே மேடையேறி பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் வாசித்து, 1963-ல் கொட்டகைக்கு மேனேஜராகவும் ஆகிவிட்டார். களப்பணி என்றால் இதுதான் ஐயா!

1968-ல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குப் போனவர், மெமோரியல் பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெறும்வரை பாடம் நடத்தினார். 1985-ல் வந்த அவருடைய புளூகிராஸ் வரலாறுதான் இன்றும் எல்லாரும் முதலில் தேடும் நூல். மலைக்கிராமத்துப் பழம்பாட்டு என்று நாம் நினைக்கிற இந்த இசை உண்மையில் 1940-களில், ரேடியோவும் இசைத்தட்டும் இருந்த காலத்தில், தொழில்முறைக் கலைஞர்கள் உருவாக்கியது. 1945 கடைசியில் எர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரல்களால் மீட்டும் பாஞ்சோ பாணியோடு மன்றோ குழுவில் சேர்ந்ததும் அதன் ஓசையே மாறிப்போனது.

2014-ல் புளூகிராஸ் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலில் ரோசன்பர்க்கையும் சேர்த்தார்கள், கொஞ்சம் தாமதம்தான் என்பேன். ஆர்வமுள்ளவர்கள் முதலில் மன்றோவின் 1946, 47 பதிவுகளைக் கேளுங்கள், அப்புறம் புத்தகத்துக்குப் போகலாம்.