சிவபதமா, நித்திரையா?

வன்னி அச்சகங்களில் கலியாணக் கார்டு ஒரு கிழமை காத்திருக்கும். மரண அறிவித்தல் காத்திராது. பிரேதம் வீட்டில் கிடக்க ஓடிவருபவர் பெயரையும் நேரத்தையும் சொல்லிவிட்டு, "மிச்சத்தை வழக்கம்போலப் போடுங்கோ" என்பார். பிழை தொடங்குவது அந்த "வழக்கம்போல"வில்தான். நேற்றைய கோப்பைத் திறந்து பெயரை மட்டும் மாற்றினால், சைவர் ஒருவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிடுவார்.

நித்திரை என்றால் எழும்புதல் உண்டு. "சேமக்காலையில் நல்லடக்கம்" என்பதிலும் அதே நம்பிக்கைதான்: உயிர்த்தெழும் நாள்வரை உடலைச் சேமித்து வைக்கும் இடம். சைவர் எழுதும் "பூதவுடல்" ஐந்து பூதங்களால் ஆனது, தகனத்தில் பூதங்களுக்கே திரும்புகிறது. கத்தோலிக்கருக்கு 1963 முதல் தகனம் தடையில்லை. ஆனால் சாம்பலைத் தூவக்கூடாது, புனிதமான ஓரிடத்தில் வைக்கவேண்டும் என்று 2016இல் வத்திக்கான் அறிவுறுத்தியது. "அஸ்தி கடலில் கரைக்கப்படும்" என்று கத்தோலிக்க வீட்டார் எழுதித் தந்தால், அச்சிடமுன் பங்குத்தந்தையைக் கேட்கச் சொல்வது நல்லது.

"ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்கிறோம்" என்ற வரி எல்லாருக்கும் பொது என்று நினைப்பவர்கள் அதிகம். இறந்தவரின் ஆன்மா தூய்மை பெறும் உத்தரிக்கிற ஸ்தலத்தை நம்பி, இறந்தவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கும் கத்தோலிக்கருக்கு அது பொருந்தும். பெந்தெகொஸ்தே சபையார் இறந்தவருக்காக மன்றாடுவதில்லை. குடும்பத்தாருக்கு ஆறுதல் வேண்டுவதோடு நிறுத்துவார்கள். வசனத்திலும் கவனம் வேண்டும். யோவான் 11:25 கத்தோலிக்கர் கையில் "உயிர்த்தெழுதலும் வாழ்வும் நானே". மற்றச் சபைகளில் "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்". ஒருவருக்குத் திருப்பாடல் 23, மற்றவருக்குச் சங்கீதம் 23.

சைவ வீட்டின் பெரிய வேலை 31ஆம் நாளுக்கான கல்வெட்டு, அதாவது இறந்தவரின் நினைவுப் புத்தகம். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த கையோடு விபரம் வந்தால் நிம்மதி. 28ஆம் நாள் வந்தால் பிழை நிச்சயம். நடுவில் கம்பி அடிக்கும் புத்தகம் என்பதால் பக்கங்கள் நான்கின் மடங்காக வரவேண்டும். சிவபுராணம் 95 அடி. இடம் போதாமல் அதன் கடைசி அடிகளை வெட்டுவதைவிட, உறவினர் பெயரில் வரும் புலம்பல் பாட்டுகளில் மருமக்களுடையது ஒன்றைக் குறைக்கலாம். (குறைத்தால் வரும் சண்டை வேறு.)

முகப்பில் "சிவபதம் அடைந்தார்" என்று முத்தியையே கொடுத்துவிட்டு, உள்ளே ஆண்டுதோறும் செய்யும் ஆட்டைத் திவசத்துக்கு வழிகாட்டும் திதி வெண்பாவை, இறந்த திதியைச் சொல்லும் பாட்டை, போடுகிறோம். முத்தி பெற்ற உயிருக்குப் பிண்டம் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. முகப்பு பிள்ளைகளின் ஆசை, வெண்பா கிரியையின் கணக்கு என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்த வெண்பாவுக்கு வருடம், மாதம், வளர்பிறையா தேய்பிறையா, திதி என்ற நான்கும் வேண்டும். திகதி மட்டும் போதாது, உயிர் பிரிந்த நேரமும் தேவை. ஒரே நாளில் காலையில் ஒரு திதி, மாலையில் இன்னொன்று இருக்கும். இரவு ஒரு மணிக்கு இறந்தால் ஆங்கிலத் திகதி மாறிவிடும், பஞ்சாங்கத்தில் சூரியன் உதிக்கும்வரை முந்தின நாள்தான். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு பஞ்சாங்கங்களும் சிலவேளை ஒத்துவராது. திவசம் செய்யப்போகும் குருக்கள் எதைப் பார்க்கிறாரோ அதையே எடுக்கவேண்டும்.

2009இல் போரில் இறந்தவர்கள் பலருக்கு நேரமும் இல்லை, நாளும் இல்லை. விரோதி வருடம், சித்திரையோ வைகாசியோ, அவ்வளவுதான் தெரியும். மாதம் தெரிந்தால் அந்த மாத அமாவாசையைத் திதியாகக் கொள்வதுண்டு. அதுவும் இல்லாதவர்கள் தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி என்று விரதத்தோடு நின்றுவிடுகிறார்கள். கத்தோலிக்கர் நவம்பர் 2இல் மெழுகுதிரி ஏற்றுவார்கள், கல்லறை இல்லாதவர்கள் கோயில் முற்றத்திலாவது.

காணாமல் போன பிள்ளையின் படத்தோடு வரும் தாய்க்கு இவை எதுவும் பொருந்தாது. அவர் கேட்பது ஒரு பதாகையோ பிறந்தநாள் அட்டையோ. "தோற்றம்" போடலாம், "மறைவு" என்ற சொல்லே வரக்கூடாது. பழைய கோப்பில் மாலையும் குத்துவிளக்கும் படச்சட்டத்தோடு சேர்ந்தே இருக்கும். அவற்றை அழித்த பிறகே படத்தை உள்ளே வைக்கவேண்டும், தாய் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.