முதலில் பின்னங்காலைப் பாரும்

கூரைமரத்தைத் துளைக்கும் கருவண்டை எங்கள் விலங்கியல் சேர் போத்தலில் பிடித்து வந்து மேசையில் வைப்பார். அதன் மினுமினுப்பில் நாங்கள் மயங்கி நிற்க, "நிறத்தைப் பிறகு பார்க்கலாம் தம்பி, முதலில் பின்னங்காலைப் பாரும்" என்பார்.

இங்கிலாந்துக்கு வந்து, உடலெல்லாம் ரோமம் அடர்ந்த பருத்த தேனீ வகையான பம்பிள் பீக்களின் மேல் பைத்தியம் பிடித்த பிறகு அந்தச் சொல்தான் எனக்குக் கைகொடுத்தது. இலங்கையில் இவை கிடையாது. பிரித்தானியாவில் 24 இனங்கள் உண்டு. எல்லோரும் முதலில் பார்ப்பது வால் நிறத்தைத்தான்: வெள்ளை, சிவப்பு, மங்கல் பழுப்பு. ஆனால் வெயிலில் ரோமம் வெளுத்துவிடும். வெள்ளைவால் இனத்தின் வேலைக்காரித் தேனீயையும் பழுப்புவால் இனத்தின் வேலைக்காரித் தேனீயையும் தோட்டத்தில் நின்று பிரித்தறிவது பெரும்பாலும் முடியாத காரியம். இரண்டையும் சேர்த்து ஒன்றாகக் குறித்துவைப்பதே நேர்மை.

கால் அப்படி ஏமாற்றாது. ராணி, வேலைக்காரி இருவருக்கும் பின்னங்காலின் வெளிப்புறம் தட்டையாக, பளபளப்பாக, ஓரத்தில் நீண்ட மயிரோடு இருக்கும். அதுதான் மகரந்தக் கூடை. பெரிய பெண் ஒன்று கூடையே இல்லாமல், காலெல்லாம் மயிராக, கருஞ்சிறகோடு பூவில் சோம்பிக் கிடந்தால் அது குயில் பம்பிள் பீ. இன்னொருத்தியின் கூட்டுக்குள் புகுந்து, அங்குள்ள ராணியைக் கொன்றோ அடக்கியோ, அவளுடைய வேலைக்காரிகளைக் கொண்டே தன் பிள்ளைகளை வளர்த்துக்கொள்வாள். மகரந்தம் சுமக்கும் வேலை இல்லை, கூடையும் இல்லை. இதை உருப்பெருக்கியில் முதன்முதல் கண்ட அன்று சேரிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

ஆணுக்கும் கூடை இல்லை, கொட்டுகிற கொடுக்கும் இல்லை. உணர்கொம்பில் 13 கணு என்றால் ஆண், 12 என்றால் பெண்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். 2001இல் தென் இங்கிலாந்தில் முதன்முதலாகக் காணப்பட்ட மர பம்பிள் பீ, குருவிகள் கூடுகட்டவென்று வீடுகளில் மாட்டும் பெட்டிகளில் விரும்பிக் குடியேறும். செம்பழுப்பு நெஞ்சு, கறுத்த வயிறு, வெள்ளை வால். கோடைத் தொடக்கத்தில் பெட்டி வாசலில் ஒரு கூட்டம் சுற்றிச் சுற்றிப் பறப்பதைக் கண்டு பயந்து, மருந்தடிக்க ஆள் கூப்பிடுகிறார்கள். அவை புது ராணி வெளியே வரக் காத்திருக்கும் ஆண்கள். அவற்றால் கொட்டவே முடியாது. பெட்டியைத் தட்டி ஆட்டினால்தான் உள்ளேயிருக்கும் வேலைக்காரிகள் சீறி வருவார்கள். சில கிழமைகளில் எல்லாம் ஓய்ந்துவிடும். பழைய ராணியும் வேலைக்காரிகளும் ஆண்களும் மாண்டுபோக, புது ராணிகள் மட்டுமே குளிர்காலத்தைத் தாண்டுவார்கள். மருந்தடித்தால் அந்த ராணிகளும் போய்விடும். உங்கள் வீட்டுப் பெட்டியில் இவை குடியேறினால், தயவுசெய்து கோடை முடியும்வரை விட்டுவிடுங்கள்.