முதலில் மின்னஞ்சலைப் பூட்டுங்கள்

ஜூன் 3

அத்தைக்கு இன்று ஓர் அழைப்பு. திரையில் வங்கியின் பெயரே வந்ததாம். "உங்க கணக்கிலிருந்து யாரோ பணம் எடுக்கிறாங்க, நிறுத்தணும்னா இப்ப வர்ற ஓடிபியைச் சொல்லுங்க" என்றிருக்கிறான். "சரி, நானே பேங்க்கைக் கூப்பிட்டுக் கேக்கறேன்" என்று வைத்துவிட்டார் அத்தை. கார்டின் பின்பக்கம் இருக்கும் எண்ணுக்குப் போட்டால், பணம் எதுவும் போகவில்லை என்றார்கள். எனக்கு அவ்வளவு பெருமை! அழைப்பவரின் எண்ணைப் போலியாகக் காட்டுவது சுலபம். நமக்குத் தெரிந்த எண்ணுக்கு நாமே அழைத்தால் அந்த வித்தை பலிக்காது.

ஜூன் 4

ஒன்று மட்டும் உறுத்தியது. அவன் பேசிக்கொண்டிருந்தபோதே உண்மையான ஓடிபி வந்திருக்கிறது. அப்படியென்றால் பாஸ்வேர்டு ஏற்கெனவே அவன் கையில்! நம் விவரம் எங்காவது கசிந்திருக்கிறதா என்று காட்டும் தளம் ஒன்று உண்டு: பாதுகாப்பு வல்லுநர் ட்ராய் ஹன்ட் 2013இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்'. அதில் அத்தையின் மின்னஞ்சல் முகவரியைப் போட்டுப் பார்த்தேன். ஏதோ ஒரு பழைய கடைத் தளத்திலிருந்து பாஸ்வேர்டோடு கசிந்திருக்கிறது. அங்கும் வங்கியிலும் ஒரே பாஸ்வேர்டு. கசிந்த பட்டியலை வைத்துக்கொண்டு வரிசையாக எல்லாத் தளங்களிலும் போட்டுப் பார்ப்பதுதான் இவர்கள் வேலை.

ஜூன் 5

வங்கிப் பாஸ்வேர்டை நேற்றே மாற்றியாயிற்று. இன்று மின்னஞ்சல். மற்ற எந்தக் கணக்கிலும் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தினால் இணைப்பு வந்து விழுவது இங்கேதான். இது போனால் எல்லாம் போகும். பாஸ்வேர்டுகளை உருவாக்கி நினைவில் வைத்துக்கொள்ளும் செயலியான பாஸ்வேர்டு மேனேஜர் தந்த நீளமான பாஸ்வேர்டு ஒன்றை வைத்தோம். அப்புறம், பலர் பார்க்காத ஓர் இடம்: அமைப்புகளில் 'ஃபார்வர்டிங்'. உள்ளே வந்தவன் அங்கே தன் முகவரியைச் சேர்த்துவிட்டால், பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் நம் கடிதங்களின் நகல் அவனுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அத்தையின் கணக்கில் காலியாக இருந்தது. அப்போதுதான் மூச்சு வந்தது.

பாஸ்வேர்டுக்குப் பிறகு குறியீடு கேட்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கு எஸ்எம்எஸ்ஸை விட ஆத்தென்டிகேட்டர் செயலி நல்லது. 30 வினாடிக்கு ஒருமுறை மாறும் குறியீடு போனுக்குள்ளேயே உருவாகிறது. சிம்மைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டவனுக்கு அது கிடைக்காது. 2019 ஆகஸ்டில், அப்போதைய ட்விட்டர் தலைவர் ஜாக் டோர்சியின் கணக்கிலேயே அவருடைய போன் எண்ணைக் கைப்பற்றிப் பதிவு போட்டார்கள். ஆனாலும் இந்தக் குறியீட்டைப் போலித் தளத்தில் நாமே தட்டிவிட்டால் போயிற்று. பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனின் கைரேகை அல்லது திரைப் பூட்டைக் கொண்டு உள்ளே நுழையும் பாஸ்கீ அப்படியில்லை, உண்மையான தள முகவரியில் மட்டுமே வேலை செய்யும். கிடைக்கும் இடத்திலெல்லாம் அதைத்தான் வைக்கச் சொல்வேன்.

ஜூன் 8

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்ற வேண்டுமா என்று மாமா கேட்டார். வேண்டாம். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017 வழிகாட்டுதலிலேயே அந்தக் கட்டாயத்தைக் கைவிடச் சொல்லிவிட்டது. கசிந்தால் மாற்றினால் போதும்.

ஜூன் 9

போன் தொலைந்தால் கணக்கைத் திறக்க உதவும் மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு அத்தையிடம் கொடுத்தாயிற்று. பழைய கடைக் கணக்கையும் மூடிவிட்டோம். அடுத்து மாமாவின் மின்னஞ்சல்.