போன நகர்த்தலில் உட்கார்ந்திருந்தேன்

அந்தச் சதுரங்க ஆட்டத்தில் என்னிடம் ஒரு சிப்பாய் அதிகம். 31ஆவது நகர்த்தலில் குதிரையை உற்சாகமாக முன்னே தூக்கி வைத்தேன். எதிராளியின் மந்திரிக்கும் என் யானைக்கும் நடுவே தடுப்பாக நின்றதே அந்தக் குதிரைதான். கை எடுத்த நொடியில் தெரிந்துவிட்டது. அவர் சலனமே இல்லாமல் மந்திரியால் யானையை வெட்டினார். நான் மந்திரியை வெட்டினேன். ஆனால் யானை மந்திரியைவிட மதிப்புள்ள காய்.

அந்த இழப்போடு ஆட்டம் முடிந்துவிடவில்லை. ஆனால் அடுத்த நாற்பது நிமிடம், பலகையில் இருந்த நிலையை நான் ஆடவே இல்லை. குதிரையை எடுக்காமல் இருந்திருந்தால் என்ற ஆட்டத்தையே மனத்துக்குள் ஆடிக்கொண்டிருந்தேன். அதில் நான் பிரமாதமாக ஜெயித்தேன். பலகையில் தோற்றேன்.

தியானத்துக்கு என்னைத் தள்ளியது அந்தத் தோல்விதான். காலையில் 12 நிமிடம் உட்கார்ந்து மூச்சை ஒன்றிலிருந்து பத்துவரை எண்ண வேண்டும். எண்ணிக்கை தவறினால் மறுபடி ஒன்று. முதல் வாரத்தில் நான்கைத் தாண்டியதில்லை. கண்ணை மூடினால் சிசிலியன் தற்காப்பு என்ற ஆட்டத் தொடக்க முறை வந்து நிற்கும். ஒருநாள் நல்ல நகர்த்தல் ஒன்றைக்கூடக் கண்டுபிடித்துவிட்டு, தியானம் கைகூடிவிட்டதாகப் பெருமைப்பட்டுக்கொண்டேன்!

இதனால் என் கணக்கிடும் திறன் கூடவில்லை. முன்பு எத்தனை நகர்த்தல் ஆழம் பார்த்தேனோ அவ்வளவுதான் இன்றும். கூடியது ஒன்றே ஒன்று: மனம் வேறெங்கோ போயிருப்பது சீக்கிரம் தெரிகிறது. தவறவிட்ட எண்ணிக்கைக்காக வருந்தாமல் ஒன்றிலிருந்து தொடங்கிப் பழகியவனுக்கு, தவறவிட்ட காயை விட்டுவிட்டு இப்போதைய பலகைக்கு வருவது கொஞ்சம் எளிதாகிறது.

2006இல் ஜெர்மனியின் பான் நகரில் டீப் ஃபிரிட்ஸ் என்ற சதுரங்க மென்பொருளோடு மோதிய கிராம்னிக், இரண்டாவது ஆட்டத்தில் ஒரே நகர்த்தலில் விழவிருந்த செக்மேட்டைக் கவனிக்கவில்லை. அப்போது அவர் உலகச் சாம்பியன். எல்லோரும் அந்தத் தவற்றையே சொல்கிறார்கள். அடுத்த மூன்று ஆட்டங்களையும் அவர் டிரா செய்தார் என்பதுதான் எனக்கு வியப்பு. அவர் தியானம் செய்தாரா என்பதல்ல விஷயம். அப்படித் திரும்பி வர முடியும் என்பதே எனக்குப் போதும்.

பலகை முன் நான் செய்வது சின்ன வேலை. எதிராளி ஆடியதும் முதலில் அவர் நகர்த்தலைத் தாளில் எழுதுகிறேன். பேனாவைக் கீழே வைக்கிறேன். ஒரு மூச்சு. பிறகுதான் பலகையைப் பார்க்கிறேன். தொட்ட காயை ஆடியே தீர வேண்டிய விளையாட்டில், கைக்கு ஒரு வேலை கொடுத்து வைப்பது நல்லது. கடிகாரத்தில் ஒரு நிமிடம்கூட இல்லாதபோது இந்த ஒழுக்கமெல்லாம் பறந்துவிடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

போன மாதம் மறுபடியும் ஒரு சிப்பாயைச் சும்மா விட்டேன். காது சூடானது. எழுதினேன், பேனாவை வைத்தேன், மூச்சு விட்டேன். யானைகள் மட்டும் மிஞ்சிய இறுதிக்கட்டத்தில் இழுத்துப் பிடித்து, 73ஆவது நகர்த்தலில் டிரா. பிறகு கணினியில் போட்டுப் பார்த்தால், 48ஆவது நகர்த்தலில் அவருக்கு எளிய வெற்றி ஒன்று இருந்திருக்கிறது. நாங்கள் இருவருமே அதைப் பார்க்கவில்லை.